வளரும் பங்குகளும் வாங்குவோர் கணக்கும்

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் பங்குச் சந்தையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டப் பங்குகளுக்கு இருந்த கிராக்கி சொல்லுந்தரமன்று. மோட்டார் வண்டி அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தது. வண்டிக்கு டயர் வேண்டும்; டயருக்கு ரப்பர் வேண்டும்; ரப்பருக்குத் தோட்டம் வேண்டும். இதனை உணரப் பெரும்புலமை தேவையில்லை. புதிய தோட்டக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்கு வெளியிட்டன. பால்மரத்தைக் கண்ணாலும் கண்டிராத மக்கள் அவற்றை முண்டியடித்து வாங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் ரப்பரின் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று, பிறகு இறங்கிற்று. ஷாங்காய் நகரில் பலர் கடன்பட்டும் இப்பங்குகளை வாங்கியிருந்தனர். அங்கே அதே ஆண்டு ஜூலையில் சீனர் நடத்திய வங்கிகள் சில அடுத்தடுத்து வீழ்ந்தன.

அம்மக்கள் ரப்பரைப் பற்றி எண்ணியதில் பிழை யாதும் இல்லை. மோட்டார் வண்டி அவர்கள் கனவிலும் கருதாத அளவுக்குப் பெருகிற்று. ஆனால் விலை ஏறியதைக் கண்டு எல்லாரும் மரம் நட்டனர். நட்ட மரம் ஆறேழு ஆண்டுகளில் பால் கொடுத்தது. எல்லா மரமும் பால் கொடுத்தபோது விலை நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, வெட்டுக்கூலிக்கும் கட்டாத நிலை வந்து, தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டதை நம் குடும்பங்கள் அறியும். தொழில் வளர்ந்தது மெய். அந்த வளர்ச்சிக்கு 1910இல் கொடுத்த விலைதான் பொய்த்தது.

இப்பழங்கதை இன்று பயன்படுவதற்குக் காரணம் உண்டு. கணினிச் சில்லு, இணையம், செயற்கை நுண்ணறிவு ஆகிய தொழில்களை நடத்தும் அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகளை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் சம்பளக்காரர்கள் இப்போது கைத்தொலைபேசியிலேயே வாங்குகின்றனர், ஆசிரியர்களும் வாங்குகின்றனர். இவற்றுக்கு வளர்ச்சிப் பங்குகள் என்று பெயர். இன்று கிடைக்கும் இலாபம் சிறிதாயினும் நாளை பெருகும் என்னும் நம்பிக்கையில், இன்றைய இலாபத்தைப்போல் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கப்படும் பங்கே வளர்ச்சிப் பங்கு. அவற்றுள் பெரும்பாலானவை தொழில்நுட்பக் கம்பெனிகளுடையவை.

ஒருவர் கைவசம் உள்ள பங்குகளின் தொகுதியை ஆங்கிலத்தில் போர்ட்ஃபோலியோ என்பர். இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல். தாள்களை வைத்துத் தூக்கிச் செல்லும் உறை என்பது அதன் பொருள். தமிழில் முதலீட்டுத் தொகுப்பு என்கிறோம். ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே பொருத்தமானது. உறையில் எதையும் திணிக்கலாம். தொகுப்பதற்கோ தேர்தலும் அளவிட்டு அடைவுபடுத்தலும் வேண்டும். நம்மவர் பலரிடம் இருப்பவை உறைகளே.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனி பங்கு ஒன்றுக்கு ஆண்டில் 1 வெள்ளி இலாபம் ஈட்டுகிறது. அப்பங்கு சந்தையில் 100 வெள்ளிக்கு விற்கிறது. அதாவது இலாபத்தைப்போல் 100 மடங்கு விலை. அக்கம்பெனியின் இலாபம் ஆண்டுதோறும் நூற்றுக்கு 25 வீதம் பத்தாண்டுகள் இடையறாது வளர்வதாகக் கொள்வோம். இவ்வாறு வளர்ந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், இருக்கட்டும். பத்தாம் ஆண்டு முடிவில் இலாபம் 9 வெள்ளி 31 காசு ஆகிறது. ஆனால் வளர்ந்து முதிர்ந்த கம்பெனிக்குச் சந்தை 100 மடங்கு விலை தருவதில்லை. 20 மடங்கு தருவதாக வைத்துக்கொண்டால் பங்கின் விலை 186 வெள்ளி. கம்பெனியின் இலாபம் ஒன்பது மடங்குக்கு மேல் பெருகியும் பங்கு வாங்கியவரின் பணம் இருமடங்குகூட ஆகவில்லை. கூட்டு வட்டி முறையில் கணக்கிட்டால் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு நூற்றுக்கு 6.4 வீதம். மலேசிய ஊழியர் சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவு 6.30 வீதம். சேமநிதியில் பணம் வைத்திருந்தவர் பத்தாண்டுகளில் ஓர் இரவேனும் விலையை எண்ணி விழித்திருக்க வேண்டியதில்லை.

அதே கம்பெனியின் வளர்ச்சி 25 வீதம் என்று எதிர்பார்த்த இடத்தில் 15 வீதமாக நின்றுவிட்டால் இலாபம் 4 வெள்ளி 5 காசு. பங்கின் விலை 81 வெள்ளி. கம்பெனி நான்கு மடங்கு வளர்ந்தும் வாங்கியவருக்கு நட்டம். இனி, இதே பங்கை ஒருவர் 100 வெள்ளிக்கு வாங்காமல் 30 வெள்ளிக்கு வாங்கியிருந்தால்? வளர்ச்சி 25 வீதமானால் அவருக்கு ஆண்டுக்கு 20 வீதம் கிடைக்கும். எதிர்பார்ப்புப் பொய்த்து 15 வீதமானாலும் ஏறத்தாழ 10 வீதம் கிடைக்கும். கம்பெனி ஒன்றே, தொழில் ஒன்றே, தலைவரும் ஒருவரே. வாங்கிய விலை ஒன்றுதான் வேறு. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்போர் ஆயிரம்பேர் இருக்க, அதற்கு எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்று கேட்போர் பத்துப்பேரும் இல்லை.

இது ஏட்டுக் கணக்கன்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் சிஸ்கோ என்னும் அமெரிக்கக் கம்பெனி சந்தை மதிப்பில் உலகிலேயே முதலிடத்தை அடைந்தது. இணையம் ஓடுவதற்குரிய இணைப்புக் கருவிகளைச் செய்த கம்பெனி அது. அதன் பங்கு அப்போது 80 வெள்ளியைத் தொட்டது. இலாபத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல். (இங்கும் இனிவரும் இடங்களிலும் அமெரிக்கப் பங்குகளுக்குச் சொல்லும் வெள்ளி, அமெரிக்க வெள்ளியே.) இணையம் உலகை ஆளும் என்று வாங்கியவர்கள் நம்பினர். இணையம் உலகை ஆண்டது, சிஸ்கோவும் அழியவில்லை. 2000ஆம் ஆண்டில் 1,890 கோடி வெள்ளியாக இருந்த அதன் விற்பனை 2010இல் 4,000 கோடி ஆயிற்று. ஆயினும் 2002இல் பங்கின் விலை 10 வெள்ளிக்கும் கீழே போயிற்று; 2010இலும் பழைய விலையில் பாதியை எட்டவில்லை. பழைய உச்சத்தை அது தாண்டியது 2025 டிசம்பரில். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்! இடையில் 2011 முதல் இலாப ஈவு வந்தது என்பது ஓர் ஆறுதல்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கணினிக் கம்பெனியின் கதை இன்னும் வெளிப்படையானது. அதன் பங்கு 2000இல் 64 வெள்ளி வரை ஏறியது. அது கம்பெனியின் விற்பனையைப்போல் பத்து மடங்கு. இலாபத்தைப்போல் அன்று, விற்பனையைப்போல்! அக்கம்பெனியின் தலைவர் ஸ்காட் மெக்நீலி 2002இல் ஒரு பேட்டியில் இதனைத் தாமே எடுத்து விளக்கினார். அவ்விலைக்கு வாங்கியவர் போட்ட பணம் பத்தாண்டுகளில் திரும்ப வேண்டுமானால், கம்பெனி தன் விற்பனைப் பணம் முழுவதையும் பத்தாண்டுகளும் பங்குதாரருக்கே கொடுக்க வேண்டும். சரக்குக்குச் செலவில்லாமல், ஆட்களுக்குச் சம்பளமில்லாமல், வரி கட்டாமல், ஆராய்ச்சியும் செய்யாமல் அதை நடத்த வேண்டும் என்பது அவர் விளக்கத்தின் சாரம். வாங்கியவர்கள் என்னதான் நினைத்தார்கள் என்றும் அவர் வியந்தார். அவர்கள் அப்படி ஒரு கணக்குப் போடவில்லை என்பதே விடை. சன் கம்பெனியை 2010இல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது.

ரப்பரில் எல்லாரும் மரம் நட்டதுபோல் இங்கும் நடந்தது. தகவல் ஓட்டம் பெருகும் என்று நம்பிப் பல கம்பெனிகள் கடலடியிலும் நிலத்தடியிலும் கண்ணாடி இழைக் கம்பிகளைப் பதித்தன. பதித்த அளவுக்குத் தேவை அன்று இல்லை. குளோபல் கிராசிங், வேர்ல்ட்காம் ஆகிய பெருங்கம்பெனிகள் 2002இல் நொடித்தன. வேர்ல்ட்காம் கணக்கில் புரட்டும் வெளிவந்தது. தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச் 10இல் 5,048. 2002 அக்டோபரில் 1,114. நூற்றுக்கு 78 வீழ்ந்தது. இந்த நட்டம் ஈடாவதற்கு நூற்றுக்கு 78 ஏறினால் போதும் என்று நினைப்பவர் நாலாம் வகுப்புக் கணக்கைத் திரும்பப் படிக்க வேண்டும். 100 வெள்ளி 22 ஆன பிறகு மீண்டும் 100 ஆக, அந்த 22 நாலரை மடங்காக வேண்டும். அதற்கு 2015 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. 2000 மார்ச்சில் ஐம்பது வயதிலிருந்த ஓர் ஆசிரியர் அன்று தம் சேமிப்பை அக்குறியீட்டில் போட்டிருந்தால், முதல் திரும்பியபோது அவருக்கு அறுபத்தைந்து. இடையில் மகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் காத்திருந்திருக்குமா?

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புத்தான். அமேசானை நோக்குக என்பர். 1999 டிசம்பரில் அதன் பங்கு 100 வெள்ளிக்கு மேல் விற்றது. 2001இல் 6 வெள்ளிக்கும் கீழே வந்தது. பழைய விலையை 2009இல் எட்டிப் பிறகு அது அடைந்த உயரம் உலகறிந்தது. உச்ச விலையில் வாங்கியவரும் கைவிடாமல் இருந்தால் பெருஞ்செல்வரானார். உண்மை. ஆனால் 10,000 வெள்ளி 600 வெள்ளிக்கும் குறைவாகச் சுருங்கியதைக் கண்டபின்னும் எட்டாண்டுகள் அசையாதிருப்பவர் எத்தனைபேர்? அன்று அமேசானுக்குப் பக்கத்தில் பெட்ஸ் டாட் காம், வெப்வான் என்னும் இணையக் கடைகளும் நின்றன. முன்னது பங்கு வெளியிட்ட அதே 2000ஆம் ஆண்டிலேயே கடையைக் கட்டிற்று. பின்னது 2001இல் நொடித்தது. இம்மூன்றில் எது பிழைக்கும் என்பது இன்று எளிதாகத் தெரிகிறது. தேர்வு முடிந்தபின் விடைத்தாளைப் பார்ப்பவருக்கு எல்லா வினாவும் எளிதே.

அரிசோனா அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 25,000 கம்பெனிகளை அவர் ஆராய்ந்தார. பங்குகளுள் பாதிக்கு மேற்பட்டவை தம் வாழ்நாளில் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம் தந்த அளவுகூடத் தரவில்லை. அரசாங்கப் பத்திரத்துக்கு மேலாகச் சந்தை முழுவதும் ஈட்டிய செல்வம், நூற்றில் நான்கு கம்பெனிகளிடமிருந்து வந்ததற்குச் சமம். அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கவல்லேன் என்று ஒருவர் கருதலாம். எதிரே விற்பவரும் அவ்வாறே கருதுகிறார். எனவேதான் சந்தை முழுவதையும் சிறிது சிறிதாக வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகள், ஜான் போகிள் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்துள்ளன. அவற்றில் அந்த நான்கும் தாமாகவே அடங்கிவிடும். பாடுபட்டுத் தேட வேண்டுவதில்லை.

முதலீட்டுக் கலையில் இரண்டு மரபுகள் உண்டு. பெஞ்சமின் கிரகாம் 1934இலும் 1949இலும் எழுதிய நூல்கள் விலையை முதன்மையாகக் கொண்டவை. பிலிப் ஃபிஷர் 1958இல் எழுதியது கம்பெனியின் தரத்தை முதன்மையாகக் கொண்டது. சரியான கம்பெனியைத் தேர்ந்துவிட்டால் விற்க வேண்டிய காலம் வருவதே அரிது என்பது ஃபிஷர் கட்சி. மோட்டரோலாப் பங்கை 1955இல் வாங்கிய அவர் 2004இல் இறக்கும்வரை வைத்திருந்தார். இருவரும் எதிரெதிர்த் துருவங்கள் என்று பேசுவது வழக்கம். ஆனால் கிரகாம் தம் வாழ்நாளில் அடைந்த மிகப்பெரிய ஆதாயம், 1948இல் வாங்கிய கெய்கோ என்னும் காப்புறுதிக் கம்பெனியில் வந்தது. அது வளர்ச்சிப் பங்கே! அதைக் குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதே அவர் செய்தது. ஃபிஷரைப் போல் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளரையும் போட்டியாளரையும் நேரில் தேடி உசாவ நமக்கு நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. ஆதலால் சம்பளக்காரருக்குக் கிரகாமின் எச்சரிக்கையே மிகுதியும் ஏற்றது.

இனித் தொகுப்பை அமைப்பது எப்படி? பங்கைத் தேர்வதற்கு முன் பணத்தைத் தேர்தல் வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எடுக்க வேண்டிய பணம் பங்கிலேயே இருத்தல் ஆகாது. கடன் வாங்கிய பணம் ஒருபோதும் ஆகாது. மீதியில் பெரும்பகுதி பரந்த குறியீட்டு நிதியில் இருக்க, கால்பகுதிக்கு மேற்படாமல் தனித்தனி வளர்ச்சிப் பங்குகளில் இருந்தால், அந்தக் கால்பகுதி முழுவதும் பாதியாய்ச் சுருங்கினாலும் மொத்தத்தில் எட்டில் ஒன்றே போகும். அந்த அளவு நட்டத்தை ஒரு குடும்பம் தாங்கும். அதனைத் தாங்கக்கூடியவரே பீதியில் விற்காமல் இருப்பார்.

தொகுப்பு தானாகவே உருமாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்துப் பங்குகளில் ஆயிரம் ஆயிரமாக 10,000 வெள்ளி போட்ட ஒருவருக்கு ஒரு பங்கு மட்டும் ஐந்து மடங்காகி, மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று கொள்வோம். இப்போது 14,000 வெள்ளியில் 5,000 வெள்ளி அந்த ஒன்றில் உள்ளது. நூற்றுக்குப் பத்தாக இருந்தது, உரிமையாளர் ஒன்றுமே செய்யாமல், நூற்றுக்கு முப்பத்தாறாகிவிட்டது. இப்படிப் பெருத்ததை வேண்டுமென்றே செய்திருப்பாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லையெனில் ஒரு பகுதியை விற்று மற்றவற்றில் சேர்ப்பதே முறை. வெற்றி பெற்ற பங்கை விற்கலாமா என்று ஃபிஷரின் மாணவர் சீறுவர். அவர்க்கும் ஒரு வழி உண்டு: முழுவதும் விற்க வேண்டா, முன்னரே எழுதிவைத்த எல்லைக்கு மேற்பட்டதை மட்டும் ஆண்டுக்கொருமுறை குறைத்தால் போதும். எல்லையை வாங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். விலை ஏறிய பிறகு எழுதும் எல்லை ஏறிக்கொண்டே போகும்.

பெயர் பல இருப்பதால் மட்டும் பணம் பரந்திருப்பதாகாது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா, ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா, டெஸ்லா என ஏழு பெயர் வைத்திருப்பவர் ஏழு தோட்டம் வைத்திருப்பதாக நினைக்கிறார். என்விடியா செய்யும் சில்லுகளைப் பெரும்பணம் கொடுத்து வாங்குவோர் மைக்ரோசாஃப்டும் மெட்டாவும் அமேசானும் ஆல்ஃபபெட்டுமே. அவர்கள் கை சுருங்கினால் இது வாடும். மேலும் அமெரிக்காவின் 500 பெருங்கம்பெனிக் குறியீட்டில் 2024 இறுதியில் மூன்றில் ஒரு பங்கு இவ்வேழே. ஆகவே குறியீட்டு நிதியையும் வாங்கி, அதற்கு மேல் இவ்வேழையும் வாங்கினால் ஒரே மரத்தில் இருமுறை ஏணி சாத்தியதாகும். 2022இல் வட்டி வீதம் ஏறியபோது இவை ஏழும் ஒருங்கே இறங்கின. மெட்டா ஓராண்டில் நூற்றுக்கு 64 இழந்தது, நாஸ்டாக் 33 இழந்தது. மறு ஆண்டே ஏறின. ஆனால் 2022 டிசம்பரில் பணம் தேவைப்பட்டவருக்கு மறு ஆண்டு எதற்கு?

நாளும் விலை பார்ப்பதும் வாங்கி விற்பதும் நிருவாகம் என்று கருதுவோர் உண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் ஆகியோர் 66,000க்கு மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டனர். சந்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 17.9 ஈட்டிய அக்காலத்தில், மிகுதியாக வாங்கி விற்ற குடும்பங்கள் ஈட்டியது 11.4. இடைப்பட்டது தரகுக்கும் விலை வேறுபாட்டுக்கும் போயிற்று. கைத்தொலைபேசியில் தரகு இன்று குறைந்துவிட்டது. அதனாலேயே விரல் அடங்குவதில்லை.

நம் நாடுகளிலிருந்து அமெரிக்கப் பங்கு வாங்குவோர்க்கு அமெரிக்கர்க்கில்லாத கணக்குகள் சில உண்டு. ஒன்று நாணயம். 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க வெள்ளிக்கு ஏறத்தாழ 4.80 ரிங்கிட் கொடுத்து வாங்கிய மலேசியர், செப்டம்பர் இறுதியில் அது 4.12 அளவில் இருக்கக் கண்டார். பங்கின் விலை அசையாதிருந்தாலும் நூற்றுக்குப் பதினான்கு போயிற்று. இது எதிர்த்திசையிலும் நடக்கும். அடுத்தது வரி. இலாப ஈவில் நூற்றுக்கு 30ஐ அமெரிக்கா பிடித்துக்கொண்டே மீதியைத் தருகிறது. வளர்ச்சிப் பங்குகள் ஈவு குறைவாகவே தருவதால் இதன் வலி தெரிவதில்லை.

வலி தெரியும் இடம் வேறு. அமெரிக்கக் குடியுரிமையோ குடியிருப்போ இல்லாத ஒருவர் இறந்தால், அவர் பெயரிலுள்ள அமெரிக்கச் சொத்துகளில் 60,000 அமெரிக்க வெள்ளிக்கு மேற்பட்டதன்மீது அந்நாடு மரபுரிமை வரி விதிக்கிறது. அவ்வரி நூற்றுக்கு 40 வரை ஏறும். அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளும், அமெரிக்காவில் பதிவான நிதிகளும் இதில் அடங்கும். மலேசியா இத்தகைய வரியை 1991இலும் சிங்கப்பூர் 2008இலும் நீக்கிவிட்டமையால் நம்மவர் பலர்க்கு இது நினைவிலேயே இல்லை. அயர்லாந்தில் பதிவாகி அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் குறியீட்டு நிதிகளுக்கு இவ்வரி இல்லை. அவற்றின்வழி வரும் ஈவில் அமெரிக்கா பிடிப்பதும் பெரும்பாலும் 15 வீதமே. ஆகவே பரந்த நிதியை வாங்குவோர் அதன் பெயரோடு அது பதிவான நாட்டையும் பார்த்து வாங்குதல் நலம். தனிப் பங்குகளின் மதிப்பு 60,000 வெள்ளியை நெருங்கும்போது முன்சொன்ன குறைக்கும் வேலைக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது.

ஒரு பழைய பள்ளிக் குறிப்பேடு இதற்கெல்லாம் போதும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பக்கம்: வாங்கிய நாள், விலை, அது இலாபத்தைப்போல் எத்தனை மடங்கு, வாங்கிய காரணம், எந்த அளவுக்குமேல் குறைப்பது, எது நடந்தால் முழுவதும் விற்பது. கடைசிப் பக்கத்தில் கணக்கு எந்தத் தரகரிடம் உள்ளது என்பதும், இறந்தபின் யாரை அணுக வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கடவுச்சொல் கைத்தொலைபேசியில் மட்டும் இருந்து, மனைவிக்கோ கணவனுக்கோ அக்கணக்கு இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு. குறிப்பேட்டை வீட்டார் அறிந்த பெட்டியில், நிலப்பத்திரத்தோடு வைக்கலாம்.